ஏரிக்கரை விடுமுறையில் அண்ணிக்கும் விடுமுறை உண்டா?

கேள்வி:

வணக்கம் அம்மா. நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், வயது 45. தமிழ்ப்பள்ளியில் அலுவலக வேலை. கணவர் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மகனுக்கு 20 வயது, மகள் இந்த ஆண்டு எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதுகிறாள். மாமியார் எங்களோடு இருக்கிறார். டொரோண்டோவில் இருக்கும் கொழுந்தனார் ஜூலைக் கடைசியில் குடும்பத்தோடு வருகிறார். அவருடைய நண்பர்கள் இருவரும் குடும்பத்தோடு கூட வருகிறார்கள். ஆக மொத்தம் 17 பேர். "அங்கே மாதிரியே ஏரிக்கரையில் வீடு எடுத்து நான்கு நாள் இருப்போம். அண்ணி கையால் சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு" என்கிறார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்தான் டிக்கெட் எடுத்து எங்களைக் கனடாவுக்கு அழைத்தார். மஸ்கோகா பக்கம் ஓர் ஏரிக்கரை வீட்டில் நான்கு குடும்பங்கள் ஒரு வாரம் இருந்தோம். நான் சமைத்தது ஒரே நாள்தான். யாருக்கு எந்த நாள் என்று ஐஸ்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். கொழுந்தனார் பாத்திரம் கழுவினார். இங்கே வந்தால் அவரே சாப்பிட்ட தட்டைக்கூட எடுப்பதில்லை. கணவரோ, "அவன் நமக்கு டிக்கெட் போட்டான், இந்தத் தடவை எல்லாச் செலவும் நம்முடையது" என்கிறார். "பொம்பள இருக்கும்போது வேற யாரு சமைப்பா" என்கிறார் மாமியார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர்கள் வந்தபோது செலவுக்காக என் சங்கிலியை அடகு வைத்தேன். இன்னும் வட்டிதான் கட்டுகிறேன், கணவருக்குத் தெரியாது. மகள் எனக்கு ஒத்தாசை செய்வாள், மகன் வந்தவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவான். ஆனாலும் இப்போதே தூக்கம் வரவில்லை. இப்படி நினைப்பதே தப்போ என்றும் இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்:

தங்கச்சி, வணக்கம். உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். தப்பே இல்லை. கொழுந்தனார் மேல் உங்களுக்குப் பாசம் இருக்கிறது. அவர் வருகிறார் என்றால் வயிற்றைக் கலக்கவும் செய்கிறது. இரண்டும் ஒரே மனத்தில் இருக்கக் கூடியவைதான். சொந்தங்கள் வரும் நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் போய்விடுகிறது என்று சொல்லி என்னிடம் வந்த பெண்கள் நிறைய பேர். அவர்களில் ஒருவருக்குக்கூட சொந்தக்காரர்கள் மேல் வெறுப்பு இருந்ததில்லை. இன்னின்ன வேலைகள் தன் தலையில் விழும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. உங்களுக்கும் அதுதான் நடக்கிறது.

ஏரியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் சங்கிலி.

"எல்லாச் செலவும் நம்முடையது" என்று உங்கள் கணவர் மனம் விட்டுச் சொல்கிறார். பெருந்தன்மையான மனிதர் என்று அதிலேயே தெரிகிறது. ஆனால் அவர் கையில் இருக்கும் கணக்கு தப்பான கணக்கு. போன தடவை எல்லாம் நன்றாக நடந்தது, பணமும் எப்படியோ போதுமானதாக இருந்தது என்றுதான் அவருக்குத் தெரியும். அந்த "எப்படியோ" உங்கள் கழுத்திலிருந்து போனது அவருக்குத் தெரியாது. தெரியாதவர் இந்த முறையும் தாராளமாகத்தான் செலவு செய்வார். அவரைக் குறை சொல்ல நமக்கு வழியில்லை. அதனால் ஏரிக்கரை வீடு, சமையல், பாத்திரம் என்று எதைப் பேசுவதற்கு முன்னாலும் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மாமியார் முன்னால் வேண்டாம், பிள்ளைகள் முன்னாலும் வேண்டாம். அவர் வேலை விட்டு வந்த களைப்பில் இருக்கும் இரவும் வேண்டாம். விடுமுறை நாளில் இருவரும் காரில் எங்காவது போகும்போது சொல்லுங்கள். முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாததைக்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட முடியும். இப்படி ஆரம்பிக்கலாம்: "உங்ககிட்ட ஒரு விஷயத்தை மூணு வருஷமா மறைச்சிட்டேன். உங்களை ஏமாத்தணும்னு மறைக்கல. தம்பி வந்த நேரத்துல உங்க முகம் வாடக் கூடாதுன்னு மறைச்சேன். இப்ப மறுபடியும் அதே மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு." அடகுச் சீட்டு கையில் இருக்கட்டும். இதுவரை எவ்வளவு வட்டி கட்டியிருக்கிறீர்கள் என்பதையும் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கோபப்படலாம். பெரும்பாலும் அந்தக் கோபத்துக்கு அடியில், தன் மனைவி தன்னிடம் கேட்க முடியாமல் போய்விட்டதே என்ற வருத்தம்தான் இருக்கும். ஒரு நாள் விடுங்கள். பதிலுக்குப் பதில் பேச வேண்டாம். மறுநாள் கணக்குப் பேசலாம். சங்கிலியோடு கிரெடிட் கார்டு பாக்கி, தனியார் கடன் என்று வேறு எதுவும் சேர்ந்திருந்தால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற அமைப்பு இருக்கிறது. கட்டணம் இல்லாமல் கடன் ஆலோசனை தருவார்கள். ஈப்போவுக்கு வரும்போது இருவருமாகப் போய்க் கேளுங்கள். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை.

அடுத்தது அந்த டிக்கெட். உங்கள் வீட்டில் எல்லோர் வாயையும் அடைத்து வைத்திருப்பது அதுதான். "அவன் அவ்வளவு செய்தான், நாம் கணக்குப் பார்க்கலாமா?" நியாயமான கேள்விதான். நன்றி மறக்கச் சொல்லி நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் நன்றி யாருக்கு என்று கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். டிக்கெட் எடுத்துத் தந்தது கொழுந்தனார். கூட வரும் இரண்டு குடும்பங்கள் எடுத்துத் தரவில்லை. அந்த இரண்டு குடும்பங்களும் நான்கு நாள் தங்கிச் சாப்பிடுவதற்கான செலவை நீங்கள் சுமந்தால், உங்கள் நன்றிக்கடனில் அது ஒரு காசுகூடக் குறையாது. அவர்களும் விருந்தாளியாக வரக் கேட்கவில்லை, சேர்ந்து சுற்றுலா போகத்தான் வருகிறார்கள். மஸ்கோகாவில் பங்கு போட்டவர்கள் இங்கே பங்கு கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படிக் கேட்பது என்று அவர்களே தயங்கிக்கொண்டும் இருக்கலாம்.

கொழுந்தனார் குடும்பத்துக்கு உங்களால் முடிந்ததைச் சிறப்பாகச் செய்யுங்கள். அவர்களை மட்டும் ஒரு முழு நாள் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்த ரப்பர் தோட்டத்துக்கு அந்தப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். கித்தா மரம் போய்ச் செம்பனை வந்திருக்கும், தொழிலாளர்கள் குடியிருந்த லயமும் இடிந்து போயிருக்கலாம். கோயில் இருக்கும். "இங்கதான் உங்க அப்பா காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போற பாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு இருட்டுல நடந்தாரு" என்று உங்கள் மாமியார் வாயால் அந்தப் பிள்ளைகள் கேட்கட்டும். டொரோண்டோவில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் இது கிடைக்காது. டிக்கெட்டுக்கு ஈடு செய்ய வேண்டும் என்றால் இதைவிட ஈடு எனக்குத் தெரியவில்லை.

இனி அந்த ஐஸ்பெட்டிக் கதவு. உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. உங்கள் கேள்விக்குப் பதில் அதில் பாதி எழுதி ஒட்டியிருக்கிறது.

கனடாவில் குளிர் விட்டு வெயில் வருவது சில மாதங்களுக்குத்தான். பள்ளிகளுக்கும் ஜூலை, ஆகஸ்டு இரண்டு மாதம் விடுமுறை. அந்த நாட்களில் டொரோண்டோக்காரர்கள் வடக்கே ஏரிப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். வாடகைக்கு எடுக்கும் வீடு பெரும்பாலும் சனிக்கிழமையிலிருந்து அடுத்த சனிக்கிழமை வரை. அது யாருடைய சொந்த வீடும் இல்லை, அதனால் அடுப்படிக்கும் சொந்தக்காரி கிடையாது. போகும்போது கூட்டித் துடைத்து, குப்பையை மறக்காமல் அகற்ற வேண்டும். மிச்சம் மீதி கிடந்தால் கரடி வந்துவிடும். ஆகவே எல்லோரும் கை வைத்தால்தான் அந்த வாரம் நடக்கும். உங்கள் கொழுந்தனார் அங்கே பாத்திரம் கழுவியதற்குக் காரணம் அந்த ஏற்பாடு. அதே மனிதர் விமானத்தை விட்டு இறங்கிச் சுங்கை சிப்புட்டு வந்து சேர்ந்ததும் வீட்டுக்குச் சின்னப் பிள்ளையாகிவிடுகிறார். அம்மா தட்டு வைப்பார், அண்ணி பரிமாறுவார். அவர் மனம் மாறிவிடவில்லை. பழைய இடத்தில் பழையபடி உட்கார்ந்துவிடுகிறார், அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள், தம்பிகள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஆக, அவருக்கு நீங்கள் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஏற்கெனவே செய்ததை நினைவுபடுத்தினால் போதும். அவரே சொல்கிறாரே, "அங்கே மாதிரியே" என்று. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே மாதிரியே என்றால் ஏரியும் அங்கே மாதிரி, அட்டவணையும் அங்கே மாதிரி.

"நம் ஆம்பளைகளுக்குச் சமையல் வருமா?" என்று மாமியார் கேட்பார். நானும் பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆடித் திருவிழா என்றால் எங்கள் மாரியம்மன் கோயில் பின்னால் மூன்று கல் வைத்து அண்டா ஏற்றுவார்கள். கூழ் கிண்டியது ஆண்கள். சாம்பார் கொதிக்க வைத்தது ஆண்கள். நூற்றுக்கணக்கான பேருக்குச் சோறு வடித்து, ஓலைப்பாயில் கொட்டி, வியர்க்க வியர்க்கப் பரிமாறியதும் ஆண்கள்தான். கல்யாண வீட்டிலும் அப்படியே. என் அப்பா வீட்டில் ஒரு தேத்தண்ணீர்கூடப் போட்டதில்லை, கோயில் அண்டாவுக்கு அவர்தான் உப்புப் பார்ப்பார். நம் ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்பது உண்மையே இல்லை. ஊருக்குச் சமைப்பது பெருமை, வீட்டுக்குச் சமைப்பது பெண் வேலை என்று பிரித்து வைத்திருக்கிறோம். 17 பேர் என்பது வீட்டுச் சமையல் கணக்கில் வராது, அண்டாக் கணக்கில்தான் வரும். அப்படியே சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் சொன்னால் இன்னும் நல்லது.

மாமியாரோடு வாதம் வேண்டாம். அந்தத் தலைமுறைப் பெண்கள் விடியுமுன் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பால் வெட்டப் போனவர்கள். வந்து மறுபடியும் அடுப்படி. அவர்களுக்கு ஒருநாளும் யாரும் உட்கார வைத்துப் பரிமாறியதில்லை. "வேற யாரு சமைப்பா" என்பதில் அதிகாரம் இருப்பது போலக் கேட்கிறது. எனக்கு அதில் அவருடைய ஆயுள் முழுவதும் கேட்கிறது. அதனால் முதல் நாள், முதல் பந்தியில், அவரை முதலில் உட்கார வையுங்கள். அவருடைய இரண்டு மகன்களும் சமைத்ததை இரண்டு மகன்களும் பரிமாறட்டும். நீங்களும் அவர் பக்கத்திலேயே உட்காருங்கள். கைப்பழக்கத்தில் எழுந்து ஓடாதீர்கள்.

ஒரு வேலை தருகிறேன். ஒரு காகிதத்தில் அந்த நான்கு நாளின் வேலைகளை எல்லாம் எழுதுங்கள். சமையல் என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. அரிசி எத்தனை கிலோ என்று யோசிப்பது, மீன் வாங்குவது, ஐஸ் வாங்குவது, கொசுவர்த்தி, கழிப்பறைத் தாள், மாமியாரின் மருந்து, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு வைப்பது, ஈரத் துணி காயப் போடுவது, ராத்திரி பதினோரு மணிக்குத் தேத்தண்ணீர் கேட்பவருக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பது, கடைசி நாள் வீட்டைக் கூட்டுவது. தம்பதிகளை இப்படி எழுதச் சொன்னால் கணவர் ஒரு பக்கத்தில் நிறுத்திவிடுவார். மனைவி காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதுவார். உங்கள் காகிதத்தைக் கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம்.

அப்புறம் அதைப் பிரிக்கலாம். நான்கு குடும்பம், நான்கு நாள். ஒரு நாள் ஒரு குடும்பம் முழுப் பொறுப்பு: கடைக்குப் போவது, சமைப்பது, கழுவுவது எல்லாம். மாமியாருக்கான அந்த முதல் பந்தியைத் தவிர, மற்ற மூன்று குடும்பங்களும் அந்த அடுப்படிப் பக்கம் போகக் கூடாது, ஆலோசனை சொல்லவும் கூடாது. இதில் இரண்டாவதுதான் உங்களுக்குச் சிரமமாக இருக்கும் என்று நினைக்கிறேன். உப்புக் குறையட்டும், சோறு குழையட்டும், விடுங்கள். உங்கள் நாளில் நீங்கள் ஆசைப்பட்டதைச் செய்யுங்கள். "அண்ணி கைப்பக்குவம்" என்று அவர் ஏங்குவது பொய்யில்லை. அந்த ஒரு நாள் அது கிடைக்கட்டும், நீங்களும் மகிழ்ச்சியாகச் செய்வீர்கள். மூன்று நாள் ஓய்ந்த கை சமைக்கிற குழம்புக்கு ருசியும் வேறு. ஜூலைக் கடைசி என்றால் ஆடி மாதம். வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் சைவம் என்றால் அதை இப்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அங்கே போய் மாமியாருக்கு மட்டும் தனிச் சட்டி வைக்கிற நிலை வரக் கூடாது. தூண்டில் போடுகிறவர்கள் பிடித்த மீனை அவர்களே கழுவி வெட்டித் தர வேண்டும். இதையும் எழுதி ஒட்டுங்கள்.

ஓர் இடத்தில் உங்களையும் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது. "மகள் ஒத்தாசை செய்வாள், மகன் ஊர் சுற்றிக் காட்டுவான்" என்று எழுதியிருக்கிறீர்கள். எஸ்.பி.எம். எழுதப் போகிற பிள்ளைக்கு அடுப்படி, 20 வயது இளைஞனுக்கு ஊர் சுற்றல். நீங்கள் யோசித்து எழுதவில்லை, பேனா தானாக எழுதியிருக்கிறது. கொழுந்தனாரை இப்படி வளர்த்ததும் இதே போன்ற ஒரு வரிதான். உங்கள் வீட்டு நாளில் வெங்காயம் உரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் மகனுடைய வேலையாக இருக்கட்டும். மகள் காலையில் இரண்டு மணி நேரம் படித்துவிட்டு ஏரியில் கால் நனைக்கப் போகட்டும். ஊரை எல்லோரும் சேர்ந்து சுற்றலாம்.

பணத்துக்கு ஒரே பை. வாடகை, பெட்ரோல், சாமான், படகு எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி, மாமியாரை விட்டுவிட்டு நான்கு குடும்பமாகப் பிரித்து, போகுமுன் ஒருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்க வேண்டாம். நண்பர்களில் ஒருவர் கணக்கு வைக்கட்டும். சேர்ந்து பணம் போடுவது கௌரவக் குறைச்சல் என்று உங்கள் கணவர் நினைத்தால், அவர் எந்த ஊர்க்காரர் என்று நினைவுபடுத்துங்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் சுங்கை சிப்புட்டுக்காரர். பால் வெட்டும் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டு, அந்தச் சங்கத்தின் வழியாகத் தோட்டங்களையே வாங்கினார்கள். பங்கு போடுவது நம் ஊருக்குப் புதிதில்லை.

இனி இடம். கொழுந்தனார் எந்த ஏரி என்று சொல்லவில்லை போலிருக்கிறது. உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. பக்கத்தில் என்றால் ராபான் ஏரி. கோல கங்சாரிலிருந்து லெங்கோங் போகும் பாதையில், உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தான். 1930-இல் பேராக் ஆற்றில் கட்டிய செண்டரோ அணையால் வந்த நீர்த்தேக்கம் அது. கரையில் தங்கும் இடங்கள் உண்டு, கடைகண்ணி பக்கம், ஆஸ்பத்திரிக்குப் போவதும் எளிது. மாமியார் வருவதாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

தூரம் போகத் தயார் என்றால் கிரிக் ஊரைத் தாண்டி பண்டிங், தெமெங்கோர் ஏரி. அங்கே படகு வீடு எடுக்கலாம், பெரிய குழுவுக்கும் கிடைக்கும். சாப்பாட்டோடு சேர்த்து வாடகை பேசுகிற படகுகள் பல உண்டு. சமையல்காரர் படகிலேயே இருப்பார். சமையல் பேச்சு எப்படிப் பேசியும் முடியவில்லை என்றால் இந்த வழியை எடுங்கள், ஒரு சண்டையும் வராது. ஆனால் படகுக்காரர்கள் ஹலால் சமையலறைதான் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து இறைச்சி, மது கொண்டு வரலாமா என்று முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். அங்குள்ள ரோயல் பெலும் வனப் பூங்காவுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். கனடாக்காரர்களின் பாஸ்போர்ட் நகல்களை முன்னதாகவே வாங்கி வைக்க வேண்டும். ஏரிக்குள் போனால் போன் கிடைக்காது. கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் இருட்டிய பின் காட்டு யானை குறுக்கே வரும், ஆகவே பகலிலேயே போய்ச் சேருங்கள்.

எங்கே போனாலும் தண்ணீர் விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன். இவை அணை கட்டி ஆற்றை நிறுத்தியதால் வந்த ஏரிகள். தெமெங்கோரில் காடே முழுகிக் கிடக்கிறது, செத்த மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கால் வைத்த இடம் மேடு, அடுத்த அடி பள்ளம். கனடாவில் நீந்திப் பழகிய பிள்ளைகள் தைரியமாகக் குதித்துவிடும், அவற்றைப் பார்த்து நம் பிள்ளைகளும் குதிக்கும். அங்கே ஜூலையில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். இங்கே ஏழரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், சாயங்காலம் மழையும் இடியும் வரும். ஆறு மணிக்கு மேல் யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கக் கூடாது. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் கரையில் உட்கார்ந்து அவர்களை மட்டும் பார்க்க வேண்டும். அரை மணிக்கு ஒருவர் மாறட்டும். அவர் கையில் போன் இருக்கக் கூடாது, குடித்திருக்கவும் கூடாது. இந்த முறையையும் அட்டவணையில் பெயர் போட்டு எழுதுங்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைத்து யாருமே பார்க்காத நேரத்தில்தான் பிள்ளைகள் போய்விடுகின்றன.

இதெல்லாம் எழுதியாகிவிட்டது, யார் சொல்வது? நீங்கள் தனியாகச் சொல்லக் கூடாது. நீங்கள் மட்டும் சொன்னால் "அண்ணிக்கு நாங்க வர்றது பிடிக்கல" என்று ஆகிவிடும். கணவரும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து போன் செய்யுங்கள். குரல் பதிவு அனுப்ப வேண்டாம், முகம் தெரியும்படி வீடியோவில் பேசுங்கள். உங்கள் கணவர் தொடங்கட்டும்: "தம்பி, நீ வர்றது எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். அங்க நீங்க செஞ்ச மாதிரியே செய்யலாம்னு இருக்கோம். நாளுக்கு ஒரு குடும்பம், செலவு நாலு பங்கு. வீட்டுக்கு வர்ற அன்னைக்கு மட்டும் நீ எங்க விருந்தாளி." அதன் பிறகு நீங்கள் ஒரே ஒன்றைச் சொல்லுங்கள்: "தம்பி, மஸ்கோகாவுல நான் ஏரியைப் பார்த்துக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்தேனே, என் கல்யாணத்துக்கு அப்புறம் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இங்கயும் அப்படி உட்காரணும்னு ஆசையா இருக்கு." கடிதத்தில் நீங்கள் இதை எழுதவில்லை. ஆனால் அந்த ஐஸ்பெட்டிக் கதவைப் பற்றி எழுதிய விதத்தில் எனக்கு அது தெரிந்தது. நான் நினைத்தது தவறென்றால் உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். உண்மையானதாக இருந்தால் போதும்.

அவர் ஒத்துக்கொள்வார் என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன். மனம் கோணினால், நான்கு நாளை இரண்டு நாளாகக் குறையுங்கள், ஒரு வேளை சமையல் உங்களுடையது, மற்றதைக் கடையிலிருந்து தருவிக்கலாம் என்று சொல்லுங்கள். அதற்குக் கீழே இறங்க வேண்டாம். இன்னொரு முறை அடகுக் கடை வாசலில் நீங்கள் நிற்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜூலையில் டொரோண்டோவுக்கும் நமக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். இங்கே ஞாயிறு இரவு ஒன்பது மணி என்றால் அவர்களுக்கு ஞாயிறு காலை ஒன்பது. காப்பி குடித்துக்கொண்டு நிதானமாக இருப்பார்கள். அந்த நேரத்துக்குப் போன் செய்யுங்கள். சங்கிலி விஷயத்தை அதற்கு முந்தைய சனிக்கிழமையே கணவரிடம் சொல்லிவிடுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.